அளவீட்டு நிச்சயமின்மையைப் பதிவு செய்தல்: மெஷேனின் பென்சில் குறிப்பு முதல் டிஜிட்டல் அளவுத்திருத்தச் சான்றிதழ் வரை

ஒரு கருவி காட்டும் அளவை, அதைவிட நம்பகமான ஒரு படித்தரத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு பதிவு செய்வது அளவுத்திருத்தம் எனப்படும். தொழிற்கூடங்களில் இதைக் காலிபரேஷன் என்றே சொல்கிறார்கள். ஒப்பீடு முடிந்ததும் வழங்கப்படும் சான்றிதழில் முக்கியமாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அளந்து கண்ட மதிப்பு. மற்றொன்று, அந்த மதிப்புக்கு இருபுறமும் எவ்வளவு இடம் விட்டு நம்ப வேண்டும் என்பதைச் சொல்லும் எண். இந்த இரண்டாவது எண்ணுக்கு அளவீட்டு நிச்சயமின்மை என்று பெயர்.

பள்ளிப் பாடத்தில் வரும் பிழையும் இதுவும் ஒன்றல்ல. அளந்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாடு பிழை. அதன் அளவு தெரிந்துவிட்டால் கழித்துவிடலாம். திருகு அளவியில் சுழிப்பிழையைக் கழிப்பது போல. நிச்சயமின்மை அப்படிக் கழிக்கக்கூடியதன்று. தெரிந்த திருத்தங்கள் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் ஐயத்தின் அளவு அது.

அந்த ஐயத்தை எழுதி வைக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். தடுப்பூசி மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டியின் வெப்பமானி 7.9 காட்டுகிறது. எல்லைக்குள்தான் இருக்கிறது என்று பச்சை விளக்கு எரிகிறது. அந்த வெப்பமானியின் சான்றிதழில் நிச்சயமின்மை 0.3 டிகிரி என்று இருந்தால், உள்ளே உள்ள வெப்பநிலை 8.2 ஆகவும் இருக்கலாம். விளக்கை இயக்கும் மென்பொருளுக்கு 0.3 என்ற எண் போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு அந்த ஐயமே எழாது. அளந்த எண்ணோடு அதன் ஐயத்தையும் சேர்த்து எழுத ஓர் உலகப் பொது முறை உருவாவதற்கு, மீட்டர் பிறந்த நாளிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை இப்போது நடந்து வருகிறது.

பார்சிலோனாவில் மூன்று விநாடி

1792இல் பிரான்சின் இரண்டு வானியலாளர்கள் நிலத்தை அளக்கப் புறப்பட்டார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று முடிவாகியிருந்தது. அதைக் கண்டறிய, டன்கர்க் நகரிலிருந்து பார்சிலோனா வரை ஒரே தீர்க்கரேகையை ஒட்டி முக்கோண அளவை செய்ய வேண்டும். வடபகுதி டெலாம்பருக்கு, தென்பகுதி மெஷேனுக்கு.

மெஷேன் நுட்பத்துக்குப் பெயர் பெற்றவர். 1792-93 குளிர்காலத்தில் பார்சிலோனாவின் மோஞ்ஞூயிக் குன்றுக் கோட்டையிலிருந்து விண்மீன்களை நோக்கி, அந்த இடத்தின் அட்சரேகையைக் கணித்தார். பிறகு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. கோட்டைக்குள் போக வழியில்லை. சும்மா இருக்க மனமில்லாத மெஷேன், அடுத்த குளிர்காலத்தில் நகருக்குள் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்தே மீண்டும் விண்மீன்களை நோக்கினார். கோட்டைக்கும் விடுதிக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அந்தத் தூரத்தை நில அளவையாலும் கணக்கிட்டு ஒப்பிட்டபோது இரண்டு அட்சரேகைகளும் ஒத்துப்போகவில்லை. வேறுபாடு ஏறத்தாழ 3 கோண விநாடி. நிலத்தில் அது சுமார் 100 மீட்டர்.

மெஷேன் இதை வெளியிடவில்லை. தம் கண்ணோ கையோ எங்கோ தவறியிருக்கிறது என்றே நினைத்தார். 1799இல் பாரிசில் கூடிய பன்னாட்டு அறிஞர் குழுவுக்கும் இந்த முரண்பாடு தெரியாதபடி பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டு ஜூன் 22 அன்று பிளாட்டினத்தால் செய்த மீட்டர் கோல் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. ஊரெல்லாம் பாராட்டு, மெஷேனோ உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். அளவையைத் தெற்கே பாலியாரிக் தீவுகள் வரை நீட்டுவதற்காக மீண்டும் ஸ்பெயின் சென்றவர், 1804 செப்டம்பரில் அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் டெலாம்பரின் கைக்கு வந்தன. பென்சிலால் எழுதிய தாள்கள் பல. சிலவற்றில் எண்கள் மாற்றப்பட்டிருந்தன. என்ன நடந்தது என்பது டெலாம்பருக்குப் புரிந்தது. அவர் நண்பரின் பெயரைத் தெருவுக்கு இழுக்கவில்லை. தாள்களை எரித்துவிடவும் இல்லை. தம் விளக்கங்களைச் சேர்த்து அவற்றைப் பாரிஸ் வானாய்வகத்தில் பத்திரப்படுத்தினார். 1828இல் நிக்கொலே என்னும் வானியலாளர் மெஷேனின் எண்களை மறுபடி கணக்கிட்டார். உச்சிக்கு வடக்கே கடக்கும் விண்மீன்களையும் தெற்கே கடக்கும் விண்மீன்களையும் தனித்தனியாகப் பிரித்துச் சமன் செய்தபோது முரண்பாட்டின் பெரும்பகுதி மறைந்தது. மெஷேனின் கையில் குறையில்லை. கருவி ஒரு பக்கமாகவே தவறியிருக்கிறது. எத்தனை முறை திரும்ப அளந்தாலும் தெரியவராத, நம் பாடநூல்கள் முறையான பிழை என்று சொல்லும் வகை அது. (அன்றைய மீட்டர் திட்டமிட்டதைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவாக அமைந்ததற்கு மெஷேனின் 3 விநாடியைக் காரணமாகச் சொல்வதுண்டு. முதன்மைக் காரணம் அதுவன்று; பூமி எவ்வளவு தட்டையானது என்று அன்று கொண்ட கணிப்பே காரணம்.)

மெஷேனை ஏமாற்றுக்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமக்கு இவ்வளவு ஐயம் இருக்கிறது என்று கௌரவமாக எழுதிக் காட்ட அவர் காலத்தில் முறையே இல்லை. ஒத்துவராத எண் என்றால் அளந்தவர் குற்றம் என்பதுதான் வழக்கம். நானே வகுப்பில் அந்த வழக்கத்தை வளர்த்திருக்கிறேன். ஒரு கோளத்தின் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளக்கச் சொன்னால், முதல் மாணவன் சொல்லும் எண்ணே ஒன்பது பேர் ஏட்டிலும் இருக்கும். வேறாக எழுதி வந்த பத்தாவது மாணவனைத்தான் "சரியாகப் பார்த்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவன் ஒருவன்தான் உண்மையில் அளந்திருந்தானோ என்னவோ.

ஒரே குறி, பல பொருள்

கணித முறை விரைவிலேயே வந்தது. 1805இல் லெஜாந்தர் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். 1809இல் காஸ் அதை நிகழ்தகவோடு இணைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானிய வானியலாளர் பெசெல், நிகழ்தகு பிழை என்ற அளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மறுமுறை அளந்தால் விடை இந்த எல்லைக்குள் விழவும் வெளியே விழவும் சரிபாதி வாய்ப்பு என்பது அதன் பொருள். திட்டவிலக்கத்தை 0.6745ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் வானியலாளர்களும் நில அளவையாளர்களும் எண்ணுக்குப் பின்னால் ± குறியிட்டு இதை எழுதினார்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, இந்த எண் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் சிதறலை மட்டுமே சொன்னது. மெஷேனை வதைத்த வகைப் பிழைக்கு அதில் இடமில்லை. மில்லிகனின் எண்ணெய்த் துளி ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1913இல் அவர் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்குக் கொடுத்த மதிப்பு, அன்றைய நிலைமின் அலகில், பத்தின் அடுக்குக் காரணியை விட்டுச் சொன்னால், 4.774 ± 0.009. இன்று நாம் அறிந்த மதிப்பு அதே அலகில் 4.803. வேறுபாடு 0.029, அவர் சொன்ன எல்லையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். துளிகளை நோக்கியதில் இவ்வளவு பெரிய தவறு இல்லை. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுக் குறைவாக இருந்தது. கணக்கிற்குள் நுழைந்த ஓர் எண்ணின் ஐயம், விடையின் ஐயத்தில் போதிய அளவு சேரவில்லை.

மில்லிகன் தனி ஒருவர் அல்லர். அமெரிக்கப் புள்ளியியலாளர் யூடன் 1972இல் ஒரு பட்டியலை எடுத்துக்காட்டினார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவுக்கு 1895 முதல் 1961 வரை வெளியான 15 மதிப்புகள் அதில் இருந்தன. ஒவ்வொரு புதிய மதிப்பும் தனக்கு முந்தையவர் சொன்ன எல்லைக்கு வெளியே விழுந்திருந்தது. எல்லாருமே தேர்ந்த ஆய்வாளர்கள். எல்லாருமே தம் ஐயத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

இரண்டாவது சிக்கல் எழுத்தில் இருந்தது. ± என்ற குறிக்குப் பின்னால் வரும் எண் ஒருவருக்கு நிகழ்தகு பிழை, இன்னொருவருக்குத் திட்டவிலக்கம், மற்றொருவருக்கு அதன் இரு மடங்கு அல்லது மும்மடங்கு. பொறியாளர் ஒருவர் எழுதினால் இதற்கு மேல் போகவே போகாது என்ற உச்ச வரம்பு. 0.10 என்று ஒரு தாளில் இருந்தால் அது 50 விழுக்காட்டு நம்பிக்கையா, 68ஆ, 95ஆ என்பது எழுதியவருக்கே வெளிச்சம். அமெரிக்கத் தரநிலைப் பணியகத்தின் சர்ச்சில் ஐசன்ஹார்ட் 1960களில் இது பற்றி விரிவாக எழுதினார். ஆனால் நாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வழிகாட்டி நூல்

1875ஆம் ஆண்டு மீட்டர் ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த பன்னாட்டு எடைகள் அளவைகள் குழு, 1977இல் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. பாரிசை அடுத்த செவ்ர் நகரிலுள்ள பன்னாட்டு எடைகள் அளவைகள் பணியகம் 32 தேசிய ஆய்வகங்களுக்கு ஒரு வினாப்பட்டியலை அனுப்பியது. 1979 தொடக்கத்துக்குள் 21 ஆய்வகங்கள் விடை எழுதின. பொதுவான முறை ஒன்று வேண்டும் என்பதில் ஏறக்குறைய எல்லாரும் ஒன்றுபட்டார்கள். எந்த முறை என்பதில் ஒன்றுபடவில்லை. 11 ஆய்வகங்களின் வல்லுநர்கள் கூடிப் பேசி 1980இல் ஒரு சுருக்கமான பரிந்துரையை எழுதினார்கள். அதை விரித்து எழுதிய வழிகாட்டி நூல் 1993இல் வெளிவந்தது. வெளியிட்டவை ஏழு பன்னாட்டு அமைப்புகள். இயற்பியல், வேதியியல், மருத்துவ வேதியியல், மின்பொறியியல் எல்லாம் அவற்றில் அடக்கம்.

அந்த நூலின் மையக் கருத்து எளியது. ஐயத்தின் கூறுகளை, அவை கணிக்கப்படும் வழியைக் கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். திரும்பத் திரும்ப அளந்து புள்ளியியல் முறையில் கணிப்பது ஏ வகை. சான்றிதழ், கையேடு, முன் அனுபவம் போன்ற பிற வழிகளால் கணிப்பது பி வகை. மில்லிகன் எடுத்துக்கொண்ட பாகுநிலையைப் போன்ற எண்களின் ஐயத்துக்கு இங்கே முறையான இடம் கிடைத்தது. இரண்டு வகையையும் திட்டவிலக்கமாகவே மாற்றி, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். ஒரு வெப்பமானிக்கு ஏ வகையில் 0.03 டிகிரி, பி வகையில் 0.04 டிகிரி என்றால் கூட்டு நிச்சயமின்மை 0.05 டிகிரி. பிதாகரஸ் தேற்றம் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. இதை கே என்னும் காரணியால் பெருக்கினால் விரிவாக்கிய நிச்சயமின்மை கிடைக்கும். கே 2 என்றால் 0.10 டிகிரி, நம்பிக்கை ஏறத்தாழ 95 விழுக்காடு.

எழுதும் முறையையும் அந்த நூல் சொல்லிக்கொடுத்தது. 100 கிராம் எடைக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே முடிவை நான்கு விதமாக எழுதிக் காட்டுகிறது. எடை 100.02147 கிராம், கூட்டு நிச்சயமின்மை 0.35 மில்லிகிராம் என்று சொற்களில் எழுதலாம். 100.02147(35) கிராம் என்றும் எழுதலாம்; அடைப்புக்குள் இருக்கும் 35, கடைசி இரண்டு இலக்கங்களுக்கு உரிய ஐயம். அடைப்புக்குள் 0.00035 என்று முழுதாகவும் எழுதலாம். நான்காவது, 100.02147 ± 0.00035 கிராம். இந்த நான்காவது வடிவைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது நூல். ± குறியைக் கண்டதும் படிப்பவர் அதை உயர்ந்த நம்பிக்கை எல்லை என்று எடுத்துக்கொள்வார். இங்கே இருப்பதோ ஒற்றைத் திட்டவிலக்கம். இதே எடைக்கல்லுக்கு விரிவாக்கிய நிச்சயமின்மையை எழுதும்போது கே 2.26 எனக் கொண்டு ± 0.00079 கிராம் என்று வருகிறது.

அச்சிட்ட அந்த நூலில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் அதுவே வழக்கம். 100,021 என்று தொடங்கும் அந்த எண்ணை நம் ஊர் மளிகைக் கடைக்காரரிடம் காட்டினால் ஒரு லட்சத்து இருபத்தொன்று என்று படிப்பார். மனிதர் என்றால் கிராம் என்ற சொல்லைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்வார்.

1999இல் வெளிவந்த 17025 என்னும் பன்னாட்டுத் தரநிலை, அளவுத்திருத்த ஆய்வகங்கள் நிச்சயமின்மையைக் கணிக்கவும் சான்றிதழில் குறிப்பிடவும் வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று, ஒரு நாட்டின் தேசிய ஆய்வகச் சான்றிதழை மற்ற நாடுகளும் ஏற்கும் ஒப்பந்தம் பாரிசில் கையெழுத்தானது. தாளில் எழுதும் இலக்கணம் ஒருவழியாக நிலைபெற்றது.

தாளிலிருந்து கணினிக்கு

என்னிடம் படித்த ஒருவர் இப்போது தொழிற்சாலை ஒன்றில் கருவிகளின் பதிவேட்டைப் பராமரிக்கிறார். ஆய்வகத்திலிருந்து வரும் பிடிஎஃப் சான்றிதழைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, எண்களை எக்செல் தாளில் தட்டச்சு செய்வது அவருடைய வேலைகளில் ஒன்று. நான் பார்த்தபோது அந்தத் தாளில் கருவியின் எண், தேதி, மதிப்பு, அடுத்த காலிபரேஷன் தேதி என்று நான்கு கட்டங்கள் இருந்தன. நிச்சயமின்மைக்குக் கட்டம் இல்லை. கேட்டதற்கு, "அது சர்டிபிகேட்லயே இருக்கு சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர் அல்லர்.

தட்டச்சு செய்யும்போது வேறு சிலவும் உதிர்ந்துபோகின்றன. 10.00 என்று அடித்தால் எக்செல் அதை 10 என்று சுருக்கிக் காட்டும். கடைசிச் சுழிகள் நூறில் ஒரு பங்கு வரை அளந்ததற்கு அடையாளம் என்று முக்கிய எண்ணுருக்கள் பாடத்தில் சொல்லிக்கொடுத்தோம். கணினிக்கு அவை வெறும் அலங்காரம். கணினி எண்களை இரும முறையில் வைத்திருப்பதால் 0.1 என்ற எண்ணையே அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. பல கணினி மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பதினேழாவது தசம இடத்தில் ஒரு 4 முளைக்கும். மைக்ரோ என்பதைக் குறிக்கும் கிரேக்க எழுத்து யூனிகோடில் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டையும் மென்பொருள் வெவ்வேறாகக் கருதும். 100.02147(35) என்பதில் உள்ள அடைப்பைச் சில நிரல்கள் சொற்குப்பை என்று தள்ளிவிடும்.

எண்ணோடு சேர்ந்து போக வேண்டியது போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1999 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் செவ்வாய் வானிலை ஆய்வுக்கலம், செவ்வாயை நெருங்கியபோது அழிந்தது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் ஒன்று உந்துவிசையின் அளவைப் பவுண்டு அலகில் கோப்பில் எழுதியது. அதை வாங்கிய மற்றொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. எண்ணில் தவறில்லை. அலகு உடன் செல்லவில்லை. அலகு தொலைந்தால் இப்படி ஒரு நாள் வெடித்துத் தெரியும். நிச்சயமின்மை தொலைந்தால் சத்தமே வராது.

இயந்திரம் படிக்கும் சான்றிதழ்

ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் பிரவுன்ஷ்வைக் நகரில் இருக்கிறது. 1887இல் சீமன்சும் ஹெல்ம்ஹோல்ட்சும் முயன்று உருவாக்கிய பழைய பேரரசு நிறுவனத்தின் வாரிசு அது. டிஜிட்டல் அளவுத்திருத்தச் சான்றிதழ் என்ற கருத்தை 2010களின் பிற்பகுதியில் இந்த நிறுவனம் முன்வைத்தது. 2018 முதல் 2021 வரை ஸ்மார்ட்காம் என்ற பெயரில் நடந்த ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தில் அது வடிவம் பெற்றது.

பிடிஎஃப் என்பது தாளின் நிழற்படம் போன்றது, மனிதர் படிப்பதற்கு. இந்தப் புதிய சான்றிதழ் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு செய்தியும் அதனதன் பெயர் எழுதிய உறைக்குள் இருக்கும். யார் யாருக்காக எந்தக் கருவியை எப்போது திருத்தினார் என்ற நிர்வாகச் செய்திகள் ஒரு பகுதி. அளவீட்டு முடிவுகள் அடுத்த பகுதி. வேண்டுமானால் கூடுதல் குறிப்புகளும், மனிதர் படிக்கத் தக்க பிரதியும் இணைக்கலாம். முழுவதற்கும் மின்னணுக் கையொப்பம் இடப்படுவதால், பிறகு ஓர் இலக்கத்தை மாற்றினாலும் தெரிந்துவிடும். மெஷேனின் பென்சில் திருத்தம் இங்கே நடவாது.

நம் கதைக்கு முக்கியமானது முடிவுகள் பகுதிக்குள் ஓர் எண் எப்படி வைக்கப்படுகிறது என்பது. மதிப்புக்கு ஓர் உறை. அலகுக்கு ஓர் உறை. அலகைச் சுருக்கக் குறியால் எழுதாமல் மீட்டர், கிலோகிராம் என்று முழுப் பெயரால் எழுத வேண்டும். ஆகவே மைக்ரோ குழப்பம் இல்லை. தசமத்துக்குப் புள்ளி மட்டுமே, காற்புள்ளி கூடாது. நிச்சயமின்மைக்கு உள்ளே மேலும் சில உறைகள்: விரிவாக்கிய நிச்சயமின்மையின் மதிப்பு, கே காரணி, நம்பிக்கை விழுக்காடு. எந்த வகைப் பரவல் என்பதையும் சேர்க்கலாம். வெப்பமானி எடுத்துக்காட்டில் 0.10 ஓர் உறையில், 2 ஓர் உறையில், 0.95 ஓர் உறையில். இந்த 0.10 ஒற்றைத் திட்டவிலக்கமா, இரட்டையா என்று எந்த நிரலும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஐயம் உள்ள அளவுகளை ± குறியால் எழுதவே முடியாது. அவற்றுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை என்று தனி உறைகள் உண்டு. 1977இல் தொடங்கிய வாக்குவாதத்தின் முடிவுகள் ஒவ்வொன்றும் இங்கே ஓர் உறையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

வெற்றிடமும் சுழியும் வேறு என்பதும் இங்கே தெளிவாகிறது. 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டம் அளந்து கண்ட எண் அல்ல, வரையறுக்கப்பட்ட எண். மில்லிகன் 0.009 என்று எழுதிய இடத்தில் இன்று முறைப்படியே சுழி எழுதலாம். தொழிற்சாலைப் பதிவேட்டில் வெறுமையாக விட்ட கட்டத்துக்கோ ஐயம் இல்லை என்று பொருள் கிடையாது; யாரும் சொல்லவில்லை என்று பொருள். எக்செல் கணக்கில் வெற்றுக் கட்டத்தைக் கூட்டினால் அது சுழியாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த வடிவமைப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மதிப்பும் அலகும் கட்டாயம், நிச்சயமின்மை கட்டாயமில்லை. கருவியின் பெயரளவு போன்ற எண்களுக்கு நிச்சயமின்மை தேவையில்லை என்பதால் இப்படி விட்டிருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அதே வாசல் வழியாகச் சோம்பலும் உள்ளே வரும். வடிவச் சோதனை செய்யும் நிரல் உறைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். உள்ளே இருக்கும் ஐயம் நேர்மையாகக் கணிக்கப்பட்டதா என்பதை அதனால் சொல்ல முடியாது. யூடனின் பட்டியலில் இருந்த 15 பேருடைய மதிப்புகளையும் இன்று எக்ஸ்எம்எல்லில் எழுதினால் பதினைந்தும் சோதனையில் தேறிவிடும்.

2022 மார்ச்சில் செவ்ர் பணியகமும் வேறு சில பன்னாட்டு அமைப்புகளும் அளவியலை டிஜிட்டல் முறைக்கு மாற்றுவது குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் நாட்டு ஆய்வகங்கள் பலவற்றின் சான்றிதழ்களில் கே 2, சுமார் 95 விழுக்காடு என்ற வரி ஏற்கெனவே அடிக்குறிப்பாக இருக்கும். அது உறைக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

பத்து மின்தடையாக்கிகள்

எழுதி முடியாத ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அதற்கான எடுத்துக்காட்டும் 1993ஆம் ஆண்டு வழிகாட்டி நூலிலேயே இருக்கிறது. 1000 ஓம் மின்தடையாக்கிகள் பத்து. பத்தையும் ஒரே படித்தர மின்தடையாக்கியோடு ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்கிறார்கள். ஒப்பிடும் வேலையில் ஐயம் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. படித்தரத்தின் நிச்சயமின்மை 0.1 ஓம். ஆகவே ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் 0.1 ஓம். பத்தையும் தொடராக இணைத்தால் மொத்தம் 10,000 ஓம். அதன் நிச்சயமின்மை எவ்வளவு?

வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 0.32 ஓம் வரும். அது தவறு. வர்க்கமூல முறை, கூறுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான் பொருந்தும்; ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்து ஓரளவு ஈடாகும். இங்கே படித்தரம் 0.1 ஓம் கூடுதலாக இருந்தால் பத்துமே ஒரே பக்கம் கூடுதலாக இருக்கும். ஈடுகட்ட எதுவுமில்லை. சரியான விடை 1 ஓம். மூன்று மடங்குக்கும் மேல். பாடநூலில் ஒட்டுறவு என்று படிப்பது இதைத்தான்.

பத்துக்கும் பத்துத் தனித்தனி டிஜிட்டல் சான்றிதழ்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் மதிப்பு, அலகு, நிச்சயமின்மை, கே, விழுக்காடு எல்லாம் குறைவின்றி இருக்கின்றன, கையொப்பமும் சரி. அவற்றை வாங்கிக் கூட்டும் நிரல் 0.32 என்றே சொல்லும். ஒரே சான்றிதழுக்குள் பல அளவுகள் இருந்தால் அவற்றுக்கு இடையிலான ஒட்டுறவை அணியாக எழுத வழி இருக்கிறது. சான்றிதழ்களுக்கு இடையே உள்ள உறவை எழுத, எந்த ஒரு சான்றிதழிலும் இடமில்லை. பத்தையும் ஒன்றாக மேசையில் பரப்பிப் பார்க்கும் அனுபவமுள்ள ஆய்வாளர், எல்லாவற்றிலும் படித்தரக் கருவியின் வரிசை எண் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்துவிடுவார். பயன்படுத்திய கருவிகளின் விவரத்துக்கும் இந்தச் சான்றிதழில் ஒரு பகுதி உண்டு. ஆய்வகங்கள் அதை விடாமல் நிரப்பினால், பத்துக் கோப்புகளிலும் அந்த ஒரே வரிசை எண்ணைத் தேடிப் பார்க்க நிரலுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.